எடுப்பும் மீதியும்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை என் அக்காவிடமிருந்து சுட்டேன். பாதிதான் சுட முடிந்தது, ஏனென்றால் அவளிடம் அப்போது பாதிதான் இருந்தது. "சாவி…" என்பாள். "மழை…" என்பாள். "அந்தப் பொண்ணு…" என்பாள். அதோடு நின்றுவிடும். அந்தப் பாதிகளை மனதில் போட்டுக்கொண்டு வந்து, மீதியை நானே எழுதிச் சேர்த்து, கதை என்று பெயர் வைத்துவிடலாம் என்பது திட்டம். தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதிப் பிழைக்கிறவன் நான். அடுத்தவர் வாயில் வார்த்தையைத் திணிப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில்.

திட்டம் முதல் வாக்கியத்திலேயே மண்ணைக் கவ்வியது. நீங்களே பாருங்கள்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது.

[தப்பு ஒன்றுமில்லை. ஆனால் இதில் அக்கா எதையும் செய்யவில்லை. வந்தது, நுழைந்தது, எடுத்துக்கொண்டது எல்லாம் பக்கவாதம். அக்கா சும்மா நிற்கிறாள்.]

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது

[இப்போது உங்களுக்கு பிரஷ் தெரிகிறது, வாஷ்பேசின் தெரிகிறது, நுரை தெரிகிறது. அக்காவைக் காணோம். அடித்துவிட்டேன்.]

நான் அப்போது ஒரு வில்லிக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். அத்தானிடமிருந்து போன்

[யாருடைய கதைடா இது? மூக்கை நுழைக்காதே.]

பேச்சு ஒரு மனுஷியை விட்டுப் போகும்போது, அது

[ஐயோ, வேண்டாம்.]

நாலும் ஒரே செய்திதான். ஆனால் நாலு வாசல். எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோமோ அதைப் பொறுத்து வீடே மாறிவிடுகிறது. இதை நானாகக் கண்டுபிடித்தேன் என்று நீங்கள் நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இதையும் அக்காவிடமிருந்தே சுட்டேன்.

2

அக்கா கல்லூரியில் இலக்கணம் கற்பித்தாள். [கற்பிக்கிறாளா? எந்தக் காலத்தில் எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்கு அடைப்புக்குறிக்குள் ஒளிந்துகொள்கிறேன்.]

தலையில் குட்டி, இது சரி அது தப்பு என்று சொல்லும் இலக்கணம் இல்லை அவளுடையது. ஒரு வாக்கியம் என்ன வேலை செய்கிறது, யாரிடம் செய்கிறது, எங்கிருந்து கிளம்பிச் செய்கிறது என்று கேட்கும் இலக்கணம். செயல்பாட்டு இலக்கணம் என்பார்கள். அதன்படி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு கிளம்புமிடம் உண்டு. முதலில் எதைக் கையில் எடுக்கிறோமோ அது. அதன்பிறகு அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் இன்னொரு பகுதி. புத்தகங்களில் இதற்குக் கனமான பெயர்கள் இருக்கின்றன. அக்கா அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, முதலாவதை எடுப்பு என்றாள், இரண்டாவதை மீதி என்றாள்.

ஒருமுறை அவளை அழைத்துவரப் போய், வகுப்பு முடியாததால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கரும்பலகையில் இரண்டு வரிகள் இருந்தன. பூனை பாலைக் குடித்துவிட்டது. பாலைப் பூனை குடித்துவிட்டது.

"என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள்.

"ரெண்டுலயும் பால் போச்சு, மேடம்," என்றது ஒரு குரல். வகுப்பே சிரித்தது.

அக்காவும் சிரித்தாள். "போச்சு. ஆனா முதல் வரி சொன்னவ கையில துடைப்பம் இருக்கு, பூனையத் தேடறா. ரெண்டாவது சொன்னவ டீ போட வந்தவ. கறந்த பால் ஒண்ணு, பூனை ஒண்ணு. சொல்றவங்க நிக்கற இடம் மட்டும் வேற."

அந்தப் பெஞ்சில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாள் முழுக்க எத்தனை வாக்கியம் பேசுகிறோம்! ஒவ்வொன்றுக்கும் முன்னால், கண் இமைக்கும் நேரத்துக்குள், எங்கே நின்று பேசுவது என்று ஓர் இடம் பார்த்து நிற்கிறோம். யாரும் சொல்லித் தரவில்லை. பேசக் கற்ற குழந்தை செய்கிறது, பஸ்ஸில் சண்டை போடுகிறவர் செய்கிறார், தூக்கத்தில் உளறுகிறவர்கூடச் செய்கிறார். அன்று வீடு போகும் வழியெல்லாம் ஜனங்கள் பேசுவதைக் கேட்டு வாயைப் பிளந்துகொண்டு நடந்தேன். "எதுலயாவது முட்டிக்கப் போறே," என்றாள் அக்கா.

அவள் கல்யாணம் செய்துகொண்டதற்குக் காரணமும் இதுதான் என்று சொல்லியிருக்கிறாள். பெண் பார்த்துப் பிடித்துப்போய், பேசிப் பழகிக்கொண்டிருந்த நாட்களில், வெளியே போன இடத்தில் அத்தானுடைய பைக் சாவியை அவள் தொலைத்துவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் "நீ சாவியத் தொலைச்சிட்டே" என்றிருப்பார்கள். அத்தான் பாக்கெட்டையெல்லாம் தடவிவிட்டு, "சாவி தொலைஞ்சிடுச்சு போல," என்றாராம். "சாவியில இருந்து கிளம்பினார்டா மனுஷன். என்கிட்ட இருந்து கிளம்பல. அப்பவே முடிவு பண்ணிட்டேன்." அத்தானுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. இந்தக் கதையை அவள் சொல்லும்போதெல்லாம், ஸ்குரூடிரைவரால் காதைக் குடைந்துகொண்டு ஒன்றும் தெரியாதவர்போல் உட்கார்ந்திருப்பார்.

* இங்கே ஓர் அடிக்குறிப்பு. என் தொடரை அக்கா ஒரே ஒருமுறை பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னது: "உன் ஹீரோ எல்லா வாக்கியத்தையும் 'நான்'லயே ஆரம்பிக்கிறான். மூக்குக்கு அந்தப் பக்கம் எதுவுமே அவனுக்குத் தெரியாதாடா?" அன்றிலிருந்து ஒரு மாதம் என் ஹீரோ யாரிடமும் பேசவில்லை. இந்த 'நான்' பின்னால் தேவைப்படும். மறந்துவிடாதீர்கள்.

3

பக்கவாதம் அக்காவின் வலது கையை மந்தமாக்கியது. காலை விட்டுவிட்டது. பேச்சில்தான் அதன் முழு விளையாட்டும். மற்றவர்கள் பேசுவது அவளுக்குப் புரிந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரியும். எடுப்பு வந்தது. மீதி வரவில்லை.

தமிழில் இது எப்பேர்ப்பட்ட இக்கட்டு என்று யோசித்துப் பாருங்கள். நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வருகிறது. நடந்ததா நடக்கவில்லையா, வேண்டுமா வேண்டாமா, நேற்றா நாளையா எல்லாம் வாலில் இருக்கிறது. தலையை மட்டும் கொடுத்தால் அது ஆடா மாடா என்றுகூட

[இந்த உவமை அக்காவுக்குப் பிடிக்காது. நிறுத்துகிறேன்.]

அதனால் நாங்கள் மீதியை நிரப்பத் தொடங்கினோம். முதல் வாரம் நானும் அங்கேயே தங்கியிருந்தேன். ஒரு காலை, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தவள், "ஜன்னல்…" என்றாள். அத்தான் எழுந்து ஜன்னலைத் திறந்தார். அவள் கையை ஆட்டினாள். "குளிருதுன்னு சொல்றா, மூடுங்க," என்றேன் நான். மூடினார். "ஜன்னல்…" என்றாள் மறுபடியும். திரையை இழுத்துவிட்டோம். திரையை ஒதுக்கினோம். ஜன்னலுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று அத்தான் தலையை நீட்டிப் பார்த்தார். துணி உலர்த்திக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெண், எங்கள் ஜன்னல் படும் பாட்டைப் பார்த்து உள்ளே போய்விட்டார். கடைசியில் அக்காவே எழுந்து, எங்கள் இருவரையும் ஒதுக்கிவிட்டு, ஜன்னல் விளிம்பில் இருந்த தன் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு எங்களைப் பார்த்தாள். தேறாத விடைத்தாளைப் பார்க்கும் பார்வை அது, எனக்கு நன்றாகத் தெரியும்.

சிரித்தோம். பிறகும் நிறுத்தவில்லை. "தண்ணி…" என்றால் டம்ளர் பறந்து வந்தது. "டிவி…" என்றால் ரிமோட் வந்தது. அவள் ஒரு சொல்லை வாயிலிருந்து வெளியே விடுவதற்குள் நாங்கள் மூன்று சொல்லை உள்ளே தள்ளினோம். எழுதிக் காட்டச் சொன்னோம், இடது கையால் எழுதினாள், அதுவும் ஒரே சொல்லில் நின்றது. வீடு, கட்டில், பஸ், மாத்திரை என்று படம் போட்ட அட்டை ஒன்றை வாங்கிவந்தேன். அதைச் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளி, மேலே முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

4

பேச்சுப் பயிற்சி தருகிறவர் சின்ன வயதுப் பெண். அறையில் ஒரு வட்ட மேஜையும் ஒரு பெரிய கண்ணாடியும் ஒரு பெட்டி நிறைய பொம்மைப் பழங்களும் இருந்தன. முதல் நாள் எங்களையும் உள்ளே உட்காரவைத்தார்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று அக்காவைக் கேட்டார்.

"இல்ல," என்றாள் அக்கா, அத்தானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

"நீங்க ஆம்பளையா?"

"ஆமா."

சொன்ன மறு நொடியே அக்காவுக்குத் தான் சொன்னது காதில் விழுந்துவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அத்தானுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"இவங்க சொல்ற ஆமா, இல்ல ரெண்டையும் இப்போதைக்கு நம்பாதீங்க," என்றார் பயிற்சியாளர். "மனசு ஒண்ணு சொல்லும், வாய் ஒண்ணு சொல்லும். நீங்க ஒரு வார்த்தைய எடுத்துக் குடுத்து 'இதானே?'ன்னா, ஆமான்னுதான் வரும். அத வெச்சு ஒண்ணும் தெரியாது."

"அப்ப என்னதான் பண்றது?" என்றார் அத்தான்.

"நீங்க எல்லாம் ரொம்ப நல்லவங்க. அதான் பிரச்சினை. அவங்க தேடறதுக்குள்ள கொண்டுபோய்க் குடுத்துடறீங்க. தேடினாத்தான் வழி உண்டாகும். அவங்க ஆரம்பிச்சா நீங்க வாய மூடிக்கணும். தலைய ஆட்டக் கூடாது. வாயப் பாக்கக் கூடாது, கண்ணப் பாருங்க. எவ்வளவு நேரமானாலும்."

கேட்க எளிதாக இருந்தது. லிஃப்ட் வரத் தாமதமானால் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குகிறவர்களைக் கண்டால் அத்தானுக்கு ஆகாது. "அமுக்கினா சீக்கிரம் வந்துடுமா?" என்று எரிந்துவிழுவார். அப்படிப்பட்டவர் அக்கா வாய் திறந்தால் பட்டனை விட்டுக் கையை எடுக்கவில்லை. என்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வசனகர்த்தாவுக்கு மௌனம் என்றால் சம்பளமில்லாத நேரம்.

ஆனால் பயிற்சி அறையில், மேஜைக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டி உட்கார்ந்து, நான் பார்த்தது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று. பயிற்சியாளர் ஒரு பொம்மை ஆரஞ்சை மேஜையில் வைத்தார். அக்கா, "இத…" என்றாள். நின்றது. நாங்கள் காத்திருந்தோம். அவள் கண் ஆரஞ்சை விட்டு விலகி எங்கோ போனது. உதடு ஒரு சொல்லுக்குத் தயாராகிக் கலைந்தது. இன்னொன்றுக்குத் தயாராகிக் கலைந்தது. புருவம் சுருங்கி விரிந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு மனிதர் என்னென்ன செய்கிறார் என்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. யாரும் பார்த்திருக்க முடியாது, நம் எல்லோருக்கும் அது அவ்வளவு வேகமாக நடந்து முடிந்துவிடுகிறது. அக்காவிடம் அது மெதுவாக, கண்ணெதிரே நடந்தது. "உரிக்கணும்," என்றாள் கடைசியில்.

இதை உரிக்கணும். இரண்டே சொல். எனக்குக் கை கூப்பத் தோன்றியது. பயிற்சியாளர் அசட்டையாக, "சூப்பர்," என்று சொல்லிவிட்டு வாழைப்பழத்தை எடுத்தார்.

5

இப்போது இந்தக் கதையில் எது பறிபோக இருந்ததோ அதைச் சொல்ல வேண்டும்.

அக்காவின் மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது, வேறு ஊரில் பல் டாக்டர். வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். வரும்போதே அம்மாவைத் தன்னோடு அழைத்துப்போவது என்ற முடிவோடு வந்தாள். ஞாயிறு மாலை ரயிலில் தனக்கும் அம்மாவுக்கும் இடம் போட்டிருந்தாள்.

[முதல் பிரதியில் குட்டியை நான் கிட்டத்தட்ட வில்லியாகவே எழுதிவிட்டேன். பழக்கதோஷம். "எனக்கு எல்லாம் தெரியும்ப்பா" என்று ஒரு வசனம்கூடக் கொடுத்திருந்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள், வெளியே வந்து அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள். அந்த வசனத்தை எடுத்துவிட்டேன். ஒரே ஒரு குறையை மட்டும் விட்டுவைக்கிறேன், அது உண்மை என்பதால். பல் டாக்டர்கள் நம் வாயைத் திறந்துவைத்துக் கையை உள்ளே விட்டபடி கேள்வி கேட்பார்கள், பதிலையும் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். குட்டிக்கு அந்தப் பழக்கம் வீடு வரை வந்துவிட்டது.]

சமையலறையில் அப்பாவும் மகளும் குரலைத் தாழ்த்திச் சண்டை போட்டார்கள். அக்கா ஹாலில் இருந்தாள். கதவு திறந்திருந்தது.

"அம்மா பகல் பூரா தனியா இருக்காங்கப்பா. நீங்க எங்கயோ லிஃப்டுக்கு மேல ஏறி நிக்கும்போது இங்க இவங்க விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"பயிற்சி இங்கதானே நடக்குது. பாதில நிறுத்தறதா?"

"பயிற்சி அங்கயும் இருக்கு. நான் இருக்கேன், அவரு இருக்காரு, வேலைக்கு ஒரு அம்மா வராங்க."

"காலேஜ்?" என்றார் அத்தான்.

குக்கரைத் திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா, பயிற்சி, காலேஜ். எல்லா வாக்கியமும் அவளைப் பற்றியதுதான், பாருங்கள். அத்தனை அக்கறை. அவளிடமிருந்து கிளம்பிய வாக்கியம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை.

வியாழக்கிழமை அக்காவே தொடங்கினாள். நாங்கள் மூவரும் ஹாலில் இருந்தோம். "வீடு…" என்றாள்.

"வீட்டுலயே அடைஞ்சு கெடக்க போரடிக்குதாம்மா? என்கூட வர்றியா?" என்றாள் குட்டி.

"ஆமா."

"இரு, இரு," என்றார் அத்தான். "வீட்ட விட்டு எங்கயும் போகலன்னு சொல்ல வர்றே. அதானே?"

"ஆமா."

எனக்குக் கை துறுதுறுத்தது. "வீடுங்கறது நாலு சுவர் இல்ல, மனுஷங்க இருக்கற இடந்தான் வீடுன்னு சொல்ல வர்றே. இல்லையாக்கா?"

"ஆமா," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். விளம்பர இடைவேளை விட வேண்டிய இடத்தில் நான் எழுதும் வசனம் அது, அவளுக்குத் தெரியும்.

மூன்று மீதி, மூன்று ஆமா. குட்டி பெட்டியை எடுத்துவந்து துணியை அடுக்கத் தொடங்கினாள். அத்தான் பின்னாலேயே போய், அடுக்கியவற்றில் இரண்டு புடவையை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார். குட்டி அவற்றை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து தன் புடவைகள் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றேன். எனக்கு அவள்மேல் பரிதாபம் வந்தது, அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. ஒருத்தி எதிரிலேயே உட்கார்ந்திருக்க, அவள் இல்லாமலே அவள் வாழ்க்கை முடிவாகிக்கொண்டிருந்தது. அதைச் செய்துகொண்டிருந்தவர்கள் அவளை உயிராக நினைக்கிறவர்கள்.

6

ஞாயிறு பகல். பெட்டி மூடி, கதவோரம் நின்றது. பயிற்சியாளரை நான்தான் முந்தின நாள் போனில் பிடித்து, என்ன செய்வதென்று கேட்டேன். "நான் சொன்னத நீங்க யாராவது ஒரு தடவையாவது செஞ்சு பாத்தீங்களா?" என்றார். நாங்கள் செய்யவில்லை. பயிற்சி அறையில் செய்தோம், வீட்டில் செய்யவில்லை. வீட்டில் நமக்குத்தான் எல்லாம் தெரியுமே.

எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்தேன். போன்களைக் கவிழ்த்துவைத்தோம். குட்டி டீ கொண்டுவந்தாள். "அம்மா, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்," என்றாள். அவளுக்கு அதைச் சொல்லவே கஷ்டமாக இருந்தது. "நீ சொல்லு."

அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நம்பவில்லை என்பது தெரிந்தது.

"வீடு…" என்றாள். அத்தான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. அக்கா தலையை ஆட்டினாள். அந்தச் சொல்லிலிருந்து கிளம்ப அவளுக்கே இஷ்டமில்லை.

"குட்டி…" என்றாள். குட்டி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அக்கா அதையும் விட்டாள்.

"ஞாயித்துக்கிழம…" அதுவும் வேண்டாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் தடுமாறவில்லை. அவள் இடம் பார்க்கிறாள். கரும்பலகை முன்னால் நின்று அத்தனை வருஷம் சொன்னாளே, சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் முதல் காரியம் என்று, அதைச் செய்துகொண்டிருந்தாள். ஒரு வாசலைத் திறந்து பார்க்கிறாள், மூடுகிறாள், அடுத்த வாசலுக்குப் போகிறாள். மூளையில் ரத்தம் உறைந்து, வினையெல்லாம் எங்கோ உதிர்ந்து, ஆமாவும் இல்லையும் கலந்துபோய், அத்தனை இடிபாட்டுக்கு நடுவிலும் எங்கிருந்து கிளம்புவது என்பதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மனித மனசு இவ்வளவு பெரியதா என்று எனக்கு மூச்சு முட்டியது. கண்ணைத் துடைக்கக்கூடப் பயமாக இருந்தது, அதை அவள் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டால்?

"நான்…" என்றாள் அக்கா.

பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவள் அந்தச் சொல்லில் தொடங்கி நான் கேட்டதில்லை. சாவி, மழை, ஜன்னல், தண்ணி. சாமானெல்லாம் முன்னால் வந்து நின்றன, இவள் மட்டும் வரவில்லை. இப்போது வந்து நின்றாள். என் ஹீரோவை அவள் கேலி செய்தாளே, அதே சொல்.

அத்தானுக்குத் தாங்கவில்லை. "நீ…" என்று உதட்டைப் பிரித்தார். அக்காவின் இடது கை மேலே எழும்பியது. வகுப்பில் கடைசி பெஞ்சை அடக்குவாளே, அந்தக் கை. அத்தான் அடங்கினார்.

காத்திருந்தோம். டீயில் ஆடை படிந்தது. எங்கள் மாடியில் லிஃப்ட் வந்து நின்று, கதவு திறந்து, யாரும் இறங்காமல் மூடிக்கொண்டது. அத்தானின் காது அந்தப் பக்கம் போனது, கண் போகவில்லை. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. அக்காவின் உதடு சேர்ந்தது, பிரிந்தது. கழுத்து நரம்பு ஒன்று எழும்பியது. கண் எங்கள் யாரிடமும் இல்லை, கதவோரம் இருந்த பெட்டியிலும் இல்லை. குட்டி கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் விட்டாள். போறேன் என்று வருமோ, போகல என்று வருமோ, இருக்கேன் என்று வருமோ என்று எனக்குள்ளே நூறு மீதி முட்டிமோதியது. எல்லாவற்றையும் பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"பேசறேன்," என்றாள் அக்கா.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அவள் எங்களைப் பார்த்தாள், ஒவ்வொருவராக. பிறகு முழுதாக, ஒன்றன்பின் ஒன்றாக, அவளுடைய இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொன்னாள். "நான் பேசறேன்."

போவதைப் பற்றியும் இல்லை, இருப்பதைப் பற்றியும் இல்லை. எங்கள் மூவரில் ஒருவர்கூட இந்த மீதியை யோசித்திருக்கவில்லை. அத்தான் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். குட்டி எழுந்துபோய் அந்தப் பெட்டியின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள், அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

"பேசும்மா," என்றாள். "நீ பேசு. ரயில் போனா போகட்டும்."

அக்கா ஆறிப்போன டீயை இடது கையால் எடுத்து ஒரு வாய் குடித்தாள். கீழே வைத்தாள். மகள் பக்கம் திரும்பினாள்.

"குட்டி, நான்…" என்று ஆரம்பித்தாள்.

7

அந்த வாக்கியம் அன்று முடிந்தது. நேரம் எடுத்தது, ஆனால் அவளே முடித்தாள். அதன்படியே நடந்தது. அது என்ன என்று உங்களுக்குச் சொல்வதற்காக மூன்று முடிவு எழுதினேன்.

முதலாவதில், பெட்டியோடு இரண்டு பேர் லிஃப்டில் இறங்குகிறார்கள். அத்தான் பட்டனை அமுக்கிப் பிடித்துக் கதவை மூடவிடாமல் நிற்கிறார்.

இரண்டாவதில், பெட்டியோடு ஒருத்தி இறங்குகிறாள். இரண்டு புடவை அலமாரிக்குத் திரும்புகிறது.

மூன்றாவதில், ரயில்

[மூன்றாவது தொலைக்காட்சிக்கு எழுதியது. வேண்டாம்.]

இவற்றில் ஒன்று நடந்தது. எழுதி முடித்ததும் மொத்தத்தையும் அக்காவிடம் எடுத்துக்கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். எந்த வீட்டில், எந்த ஊரில் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். பூனை வந்த இடத்தில் தலையாட்டினாள். ஜன்னல் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். குட்டி வில்லியாக இருந்த கதையைச் சொன்னபோது சத்தமாகச் சிரித்தாள். ஆறாவது பகுதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று முடிவையும் ஒன்றுவிடாமல் படித்தேன்.

அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். முடிவு எழுதியிருந்த மூன்று தாளையும் தனியாகப் பிரித்து, கவிழ்த்து வைத்தாள். மிச்சத்தைத் தட்டி ஒழுங்குசெய்து மடியில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"கதை…" என்றாள்.

எனக்கு வாய் திறந்தது. கதை பிடிச்சிருக்கா? கதை என்னுதுன்னு சொல்றியா? கதைக்கு எதுக்குடா முடிவுன்னு கேக்கறியா? மூன்றும் நாக்கு நுனியில் வந்து நின்றன, மூன்றுக்கும் ஆமா கிடைத்திருக்கும்.

மூடிக்கொண்டேன். பேனாவைக் கீழே வைத்தேன்.

அவள் உதடு சேர்கிறது. பிரிகிறது. கண் எங்கோ போயிருக்கிறது. உங்களுக்கும் ஒரு மீதி தோன்றியிருக்கும், தெரியும். அது எவ்வளவு அழகாக இருந்தாலும் கொஞ்சம் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வந்து என் பக்கத்தில் உட்காருங்கள், டீ ஆறினால் ஆறட்டும்.

அக்கா பேசுகிறாள்.